ஆபரேஷன் தியேட்டரில் தொடாமலே குப்பைக்குப் போகும் பொருட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழக்கரை முதல் மண்டபம் வரை இந்தக் கடற்கரையில் உள்ள சிறிதும் பெரிதுமான ஆஸ்பத்திரிகளில் தியேட்டர் நர்சாக இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நின்றவள் நான். இப்போது நர்சிங் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் கேட்பது, பழைய தோழிகள் போனில் கேட்பது, சில சமயம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் கேட்பது என்று திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஆபரேஷன் என்றால் குப்பை வரத்தானே செய்யும்? அதில் எதை வீண் என்கிறீர்கள்?

வரும். ரத்தத்தில் நனைந்த மாப் (ஆபரேஷனில் ரத்தம் ஒற்றும் துணி), கழற்றிப் போட்ட கிளவுஸ் இதெல்லாம் வீண் இல்லை. வேலை முடித்துவிட்டுப் போகிற பொருட்கள் அவை. நோயாளி மேல் படாமலே குப்பைக்குப் போவதைத்தான் வீண் என்கிறேன். "எதற்கும் இருக்கட்டும்" என்று கிழித்த தையல் நூல், டிராலியில் கொட்டி யாரும் தொடாத காஸ் (மெல்லிய சல்லாத்துணி), சைஸ் மாற்றிப் பிரித்த கிளவுஸ், டாக்டரிடம் அளவு கேட்காமல் பிரித்த டியூப். அப்புறம் அலமாரியின் பின்வரிசையில் கிடந்தே தேதி முடிந்தவை. இந்தக் கடைசி வகை தியேட்டருக்குள் வருவதே இல்லை என்பதால் யார் கண்ணிலும் படாது.

அப்படி எவ்வளவுதான் வீணாகும்?

சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் 58 மூளை, தண்டுவட ஆபரேஷன்களைக் கூடவே நின்று எண்ணிப் பார்த்தார்கள். ஆய்வு 2017இல் வெளிவந்தது. பிரித்துவிட்டுப் பயன்படுத்தாமல் போட்டவற்றின் விலை ஒரு ஆபரேஷனுக்குச் சராசரி 653 டாலர். சாமான் செலவில் சுமார் 13 சதவீதம். மிகக் குறைந்தது 89 டாலர், மிக அதிகம் 3,640 டாலர்.

நம் ஊரில் அதிகம் நடப்பது சிசேரியன், ஹெர்னியா, அப்பெண்டிக்ஸ், எலும்பு முறிவு. அந்த டாலரை ரூபாயாக்கிப் பார்த்து மலைக்க வேண்டாம். என்னை யோசிக்கவைத்தது அதே ஆய்வின் இன்னொரு பகுதி. எந்த ஆபரேஷன், எந்த சர்ஜன் என்பதைப் பொறுத்து வீண் கூடிக் குறைந்ததே தவிர, ஆபரேஷன் எவ்வளவு நேரம் நடந்தது, சர்ஜனுக்கு எத்தனை வருட அனுபவம் என்பதைப் பொறுத்து மாறவில்லை. அதாவது இது பழக்கம். அனுபவம் கூடினால் தானாகக் குறைந்துவிடும் என்று காத்திருக்க முடியாது.

பின்னே ஏன் முன்கூட்டியே எல்லாவற்றையும் கிழித்து வைக்கிறார்கள்?

பயம்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி எமர்ஜென்சி. டாக்டர் கேட்ட நூல் கைக்கு வர அரை நிமிடம் ஆகிவிட்டது. அன்றைக்கு வாங்கிய திட்டு பல வருடம் என் கையை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு எந்த கேஸாக இருந்தாலும் நான்கு வகை நூல், இரண்டு சக்ஷன் டியூப், கைக்கு வந்த காஸ் எல்லாம் பிரித்து அடுக்கிவிடுவேன். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. "சிஸ்டர் ரொம்ப ரெடியா இருப்பாங்க" என்று பெயர்கூட வாங்கினேன்.

வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கே ஒரு வயதான சர்ஜன் முதல் நாளே சொன்னார்: "சிஸ்டர், கல்யாண வீட்டுல கேட்காம இலையில வச்சா என்ன ஆகும்? மிச்சம்தான். நான் கேட்ட பிறகு வைங்க." சாப்பாட்டுப் பந்தியில் நமக்கெல்லாம் தெரிந்த நியாயம். தியேட்டரில் மட்டும் ஏன் தெரியாமல் போனது என்று அன்றைக்கு வெட்கமாக இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. தியேட்டர் லிஸ்டில் பொருட்கள் கூடும், குறையாது. எப்போதோ ஒரு கேஸில் தேவைப்பட்ட பொருளை ஒருவர் எழுதிவைப்பார். அவர் மாற்றலாகிப் போய்விடுவார், பொருள் லிஸ்டிலேயே நிற்கும்.

பிரித்து வைக்காவிட்டால் அவசரத்தில் தாமதமாகாதா? உயிர் போனால் யார் பதில் சொல்வது?

கேட்க வேண்டிய கேள்விதான். பிரிக்க வேண்டாம் என்றால் எடுத்து வைக்க வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் இந்தச் சண்டையே வருகிறது.

சிசேரியனை எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பப்பையைத் தைக்கும் நூல் நிச்சயம் வேண்டும், தோல் தைக்கிற நூலும் வேண்டும். இவை பிரிந்திருக்கலாம். ரத்தப்போக்கு நிற்காவிட்டால் தேவைப்படும் கூடுதல் நூல், பலூன், கூடுதல் மாப் கட்டு எல்லாம் அதே அறையில், ஃப்ளோர் நர்ஸ் (மேஜையில் நிற்காமல் வெளியே நின்று சாமான் எடுத்துக் கொடுப்பவர்) கை நீட்டினால் எட்டும் இடத்தில், பாக்கெட் பிரிக்காமல் இருக்க வேண்டும். ஒரு நூல் பாக்கெட்டைப் பிரித்து டிராலியில் போட சில நொடிதான் ஆகும். நேரத்தைத் தின்பது பிரிப்பது அல்ல, தேடுவது. ஸ்டோர் சாவி யாரிடம் என்று ஓடுவதில்தான் நிமிடங்கள் போகும். என்னுடைய அந்த அரை நிமிடமும் அப்படிப் போனதுதான்: நூல் பக்கத்து அறையில் இருந்தது.

மாப் எண்ணிக்கையையும் யோசியுங்கள். தொடங்கும்போது, மூடும் முன், முடிந்தபிறகு என்று எண்ணுகிறோம். டிராலியில் கிடப்பது கூடக்கூட எண்ணுவதும் சிக்கல். ஒரு மாப் குறைகிறது என்றால் தியேட்டரே நின்றுபோகும். கட்டுப் பிரிக்காத மாப் வயிற்றுக்குள் தங்காது.

ஆனால் ஃப்ளோர் நர்ஸ் இல்லாமல் ஒரே சிஸ்டர் எல்லாவற்றையும் பார்க்கும் தியேட்டரில் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். அங்கே முதலில் ஆள் போட வேண்டும்.

சர்ஜன் கார்டு என்கிறார்களே, அது என்ன?

ஒவ்வொரு சர்ஜனுக்கும், ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் ஒரு அட்டை. அதில் இரண்டே பத்தி: "பிரி" ஒன்று, "பக்கத்தில் வை" ஒன்று. கிளவுஸ் சைஸ், எந்த நூல், எந்த ஊசி என்று எழுதிவிடுங்கள். கடைசி சில கேஸில் டாக்டர் தொடாத பொருளை "பிரி"யிலிருந்து "பக்கத்தில் வை"க்கு மாற்றுங்கள். பென்சிலால் எழுதுவது நல்லது. அட்டையை லேமினேட் செய்து மாட்டிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஐந்து வருடம் கழித்துப் போய்ப் பார்த்தேன். ஊரை விட்டே போய்விட்ட டாக்டரின் கிளவுஸ் சைஸ் பளபளவென்று சுவரில் இருந்தது.

பிரித்துவிட்டோம், யாரும் தொடவில்லை. மறுபடி ஆட்டோகிளேவ் செய்து (நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கி) எடுத்து வைக்கலாமா?

பொருளைப் பொறுத்தது. ரத்தம் படாத, ஆபரேஷன் நடந்த இடத்துக்குப் போகாத காஸ், துணி மாப், துணி டிரேப் (நோயாளி மேல் போர்த்தும் விரிப்பு) ஆகியவற்றை ஆஸ்பத்திரியின் எழுதிவைத்த விதிப்படி மறுபடி கட்டி ஸ்டெரிலைஸ் செய்யலாம். கரையும் தையல் நூல் கூடவே கூடாது. ஈரம் பட்டாலே கரையத் தொடங்கும் சாதி அது. ஆட்டோகிளேவ் சூட்டையும் ஈரத்தையும் தாங்காது. பிளாஸ்டிக் டியூப், கதீட்டர் (சிறுநீர்க் குழாய்), ஹெர்னியாவுக்கு உள்ளே வைக்கும் வலை என்று ஒருமுறை பயன்பாட்டுக்கு என்று வந்தவற்றையும் நம் இஷ்டத்துக்கு வேகவைக்கக் கூடாது.

அவற்றுக்கு வேறு உபயோகம் உண்டு. 1991இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மயக்க மருந்து டாக்டர் வில்லியம் ரோசன்பிளாட் 'ரெமடி' என்று ஒரு திட்டம் தொடங்கினார். பிரித்தும் பயன்படுத்தாத பொருட்களைச் சேர்த்து, தேவைப்படும் நாடுகளுக்கு அனுப்புவது. நாம் கடல் தாண்டி அனுப்ப வேண்டியதில்லை. 2022 ஜனவரியில் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். நர்சிங் பள்ளிகளும் இருக்கின்றன. முடிச்சுப் போடப் பழகவும், கதீட்டர் போடப் பொம்மையில் பழகவும் பிள்ளைகளுக்குப் பொருள் வேண்டும். "பயிற்சிக்கு மட்டும்" என்று பெரிதாக எழுதி, தனிப் பெட்டியில் போட்டு, தியேட்டருக்கு வெளியே வையுங்கள். உள்ளே இருந்தால் ஒரு ராத்திரி அவசரத்தில் யாராவது எடுத்துவிடுவார்கள்.

சில இடங்களில் ஒருமுறை பயன்பாட்டுப் பொருளைக் கழுவி அடுத்த நோயாளிக்குப் போடுகிறார்களே?

பாக்கெட்டில் வட்டத்துக்குள் 2 என்று போட்டு அதன் குறுக்கே கோடு கிழித்திருந்தால் இரண்டாம் முறை கிடையாது என்று பொருள். சிரிஞ்சு, ஊசி விஷயத்தில் பேச்சே இல்லை. ஹெபடைடிஸும் எச்.ஐ.வி.யும் கழுவினால் போய்விட்டது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. குறுகலான டியூபுக்குள் பிரஷ் போகாது. உள்ளே அழுக்கு இருந்தால் எந்த ஆட்டோகிளேவும் காப்பாற்றாது. சிக்கனம் என்று இதைச் சொல்பவர்களிடம் சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன். திரும்பப் பயன்படுத்த ஆசை இருந்தால் திரும்பப் பயன்படுத்தவே செய்த பொருளை வாங்குங்கள்: ஸ்டீல் ட்ரோக்கர் (வயிற்றில் துளை போட்டுக் கருவி நுழைக்கும் குழாய்), ஸ்டீல் கிண்ணம், கழுவும் டிரேப்.

துணி கவுனா, பேப்பர் கவுனா? தண்ணீருக்கே திண்டாடும் ஊரில் துணியைத் துவைப்பது எப்படி மிச்சமாகும்?

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று அந்தக் காலத்தில் மிரட்டினால் நம் மாவட்டத்தைத்தான் சொல்வார்கள். அதனால் இந்தக் கேள்வி இங்கே வேடிக்கைக் கேள்வி இல்லை.

முதலில் பாதுகாப்பு. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஸ்டெரைலாக (கிருமி இல்லாமல்) இருந்தால் துவைக்கும் துணியும் சரி, ஒருமுறை பயன்பாட்டு டிரேப், கவுனும் சரி என்று இரண்டையும் ஏற்றுக்கொள்கிறது. பேப்பர்தான் பத்திரம் என்பது நாமாகப் பிடித்துக்கொண்ட நம்பிக்கை. ஆனால் துணி என்றால் நெருக்கமாக நெய்த, ஈரம் ஊறாத துணி. நூறு தடவை துவைத்து சல்லடையான காட்டனை மாட்டிக்கொண்டு நிற்பதை நான் சொல்லவில்லை.

அடுத்தது கணக்கு. உற்பத்தி முதல் குப்பை வரை சேர்த்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில், துவைத்துப் பயன்படுத்தும் ஆபரேஷன் கவுனுக்கு எரிசக்தியும் கரியமில வாயுவும் சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறைவு. திடக்குப்பை 80 சதவீதத்துக்கும் மேல் குறைவு. தண்ணீரும் குறைவுதான். இது எப்படி என்று பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள். பேப்பர் கவுனுக்கான தண்ணீர் எங்கோ ஒரு ஆலையில் செலவாகிறது, நமக்குத் தெரிவதில்லை. துணிக்கான தண்ணீர் நம் ஆஸ்பத்திரி வாசலில் லாரியில் வந்து இறங்குகிறது, பில்லோடு.

அதனால் இங்கே எல்லாவற்றையும் துணிக்கு மாற்றுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பாதி பாதியாகப் போகலாம். கவுன், டிராலி மேல்துணி, கருவிகளைக் கட்டும் துணி இவை துணியாக இருக்கட்டும். சிசேரியன் போலத் தண்ணீரும் ரத்தமும் கொட்டும் கேஸுக்குப் பை வைத்த பேப்பர் டிரேப் நல்லது. அங்கே துணி நனைந்துபோனால் துவைக்கவும் கஷ்டம், பாதுகாப்பும் போச்சு. மிஷினை முழு லோடு சேர்ந்த பிறகே ஓட்டுங்கள். ஆர்.ஓ. பிளாண்டில் கழிகிற தண்ணீரைக் கக்கூசுக்குத் திருப்பி விடுங்கள். போர் தண்ணீரில் கருவிகளைக் கழுவினாலும் கடைசி அலசல் ஆர்.ஓ. தண்ணீரில்தான். உப்பு தங்கினால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும், ஆட்டோகிளேவுக்குள் காரை படியும்.

எச்.ஐ.வி. கேஸுக்கு மட்டும் தலை முதல் கால் வரை தனி கிட் வாங்கச் சொல்வதும் ஒரு வீண் பழக்கம். ரத்தம் யாருடையதாக இருந்தாலும் எச்சரிக்கை ஒன்றுதான்.

கடல் காற்றுக்கும் தியேட்டர் சாமானுக்கும் என்ன சம்பந்தம்?

ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் வேலை பார்த்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். வாடைக் காலத்தில் ஜன்னலை ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் போதும், பேப்பர் பாக்கெட் ஓரம் நெகிழ்ந்து பசை விடும். ஒட்டு விட்ட பாக்கெட் ஸ்டெரைல் இல்லை. தேதி இன்னும் இரண்டு வருடம் இருந்தாலும் சரி. ஆட்டோகிளேவிலிருந்து சூடாக எடுத்து சிமெண்ட் மேடையில் வைத்த கட்டு அடியில் வியர்க்கும். ஈரக் கட்டு வழியே கிருமி ஏறும், திரும்பவும் வேகவைக்க வேண்டும்: தண்ணீரும் கரண்டும் இரண்டாம் தடவை.

ஸ்டோரின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரமானி விலை அதிகம் இல்லை. அலமாரி சுவரை ஒட்டக் கூடாது, தரையிலிருந்து உயரமாக, கதவு உள்ளதாக இருக்க வேண்டும். அட்டைப்பெட்டியோடு அடுக்காதீர்கள், அட்டை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டும் பழக்கத்தை விடுங்கள், பாக்கெட் மடியும் இடத்தில் கிழியும்.

தேதி முடிவதற்கு ஒரே வைத்தியம், முதலில் முடியப்போவது முன்வரிசையில். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மாவட்டக் கிடங்கிலிருந்து பாஸ்புக் கணக்கில் சாமான் வருகிறது. வந்த அன்றே தேதி பார்த்து, நமக்குச் செலவாகாது என்று தெரிந்தால் அதிகம் கேஸ் பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். தேதி முடிய பத்து நாள் இருக்கும்போது கேட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் கூடுதலாக எடுத்து வைப்பது சரிதான். காற்று ஓய்ந்ததும் அதை முன்வரிசைக்குக் கொண்டுவர மறப்பதுதான் தப்பு.

எது எந்தப் பையில்?

2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகள் நான்கு நிறம் சொல்கின்றன. ரத்தம் தோய்ந்த காஸ், மாப், அகற்றிய உறுப்பு, பேப்பர் கவுன், மாஸ்க் எல்லாம் மஞ்சள்; எரிக்கப் போகும். டியூப், கதீட்டர், யூரின் பை, ஊசி இல்லாத சிரிஞ்சு, கிளவுஸ் சிவப்பு. கிருமி நீக்கி, துண்டாக்கி, மறுசுழற்சிக்குப் போகும். ஊசி, பிளேடு துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்கு. கண்ணாடியும், உடம்புக்குள் வைக்கும் உலோக இம்பிளாண்டும் நீலம். 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

நோயாளி உள்ளே வருமுன் பிரிக்கிற வெளிக்கவர், அட்டை, பாட்டில் சுற்றிய பிளாஸ்டிக் எதிலும் ரத்தம் கிடையாது. அது சாதாரணக் குப்பை. ஆஸ்பத்திரிக் குப்பையில் சுமார் 85 சதவீதம் ஆபத்தில்லாதது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் தியேட்டரில் மஞ்சள் பை பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகவே எல்லாம் அதற்குள் போகும். முதல் கீறலுக்கு முன்னால் ஒரு சாதாரணப் பை வைத்து, கவரையெல்லாம் அதில் போட்டு, கட்டி வெளியே அனுப்பிவிட்டுத் தொடங்குங்கள்.

கடைகளில் மஞ்சப்பை தூக்கச் சொல்லும் ஊர் இது. மன்னார் வளைகுடா 1989 முதல் உயிர்க்கோளக் காப்பகம், 21 தீவுகள் கரையோரம் கிடக்கின்றன. சிவப்புப் பைக்குப் போக வேண்டிய டியூப் கரையில் ஒதுங்கினால், மீன்காரருக்கு அது எந்த ஆஸ்பத்திரி என்று கேட்கத் தோன்றத்தான் செய்யும்.

மிச்சம் பிடித்தால் இன்ஃபெக்ஷன் கூடாதா?

மதுரைக்கு இரண்டரை மணி நேர பஸ் தூரம். அங்கே 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அவர்களுடைய புதுச்சேரி ஆஸ்பத்திரியில் செய்த ஆய்வு 2017இல் வந்தது: ஒரு கண்புரை ஆபரேஷனுக்குக் குப்பை கால் கிலோ, கரியமில வாயு சுமார் 6 கிலோ. பிரிட்டனில் அதே ஆபரேஷனுக்கு ஆவதில் இது 5 சதவீதம் அளவுதான். இன்ஃபெக்ஷன் அதனால் கூடவில்லை. கருவிகளைக் கழுவித் திரும்பப் பயன்படுத்துவது, தேவையான அளவே பிரிப்பது, எல்லா டாக்டருக்கும் ஒரே முறை என்பதுதான் அவர்கள் வழி.

ஆனால் கண் ஆபரேஷன் வேறு, வயிறு வேறு. அவர்கள் சொட்டு மருந்தைப் பல பேருக்குப் பயன்படுத்துகிறார்களே என்று நாமும் இங்கே எதையாவது பொதுவாக்கக் கூடாது. எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களின் ஒழுங்கை.

நோயாளி வீட்டார் கேட்கும் கேள்வி: "லிஸ்ட்ல இருந்ததெல்லாம் வாங்கிக் கொடுத்தோமே சிஸ்டர், எல்லாமே உள்ள செலவாயிருச்சா?"

தியேட்டர் கதவுக்கு வெளியே நிற்பவருக்குக் கேட்க உரிமை உண்டு. பல தனியார் ஆஸ்பத்திரிகளில் சாமான் லிஸ்ட் கொடுத்து மருந்துக்கடையில் வாங்கி வரச் சொல்வார்கள். பிரிக்காத பாக்கெட்டைப் பில்லோடு திருப்பிக் கொடுக்கலாமா என்று வாங்கும்போதே கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆபரேஷன் முடிந்ததும், "பிரிக்காதது ஏதாவது இருக்கா சிஸ்டர்?" என்று தன்மையாகக் கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்தால் அதிலேயே பதில் இருக்கிறது. காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகை. அங்கே வீணாவது ஆஸ்பத்திரியின் கையிலிருந்து போகிறது. நிர்வாகத்திடம் பேச இது நல்ல வாதம், சிஸ்டர்களே.

கிளவுஸ்?

ஸ்டெரைல் கிளவுஸ் ஸ்டெரைல் வேலைக்கு. டிராலி தள்ளவும் போன் எடுக்கவும் கிளவுஸே வேண்டாம், கையைக் கழுவினால் போதும்.

எங்கள் சின்ன ஆஸ்பத்திரியில் எங்கே தொடங்குவது?

ஒரு வெள்ளைக் கூடை. ஒரு வாரம், ஒவ்வொரு கேஸ் முடிந்ததும் பிரித்தும் பயன்படாமல் மிஞ்சிய, ரத்தம் படாத பொருட்களை அதில் போடுங்கள். யார் பிரித்தது என்று பெயர் எழுதாதீர்கள். வாரக் கடைசியில் டாக்டர்கள் டீ குடிக்கும் மேஜையில் கூடையைக் கொட்டி, விலையைக் கூட்டிப் பாருங்கள். நாங்கள் செய்தபோது குவியலில் முதலிடம் நூலுக்கு, அடுத்தது கிளவுஸுக்கு. அதிலிருந்தே முதல் கார்டை எழுதினோம்.

கூடையைக் காட்டி நர்ஸைத் திட்டினால் காரியம் கெட்டது. அடுத்த வாரம் அவள் மிச்சத்தை மஞ்சள் பைக்குள் ஒளித்துவிடுவாள். இரண்டாவது வாரமே கூடை காலியாக இருந்தால், சந்தோஷப்படும் முன் மஞ்சள் பையை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். கையை உள்ளே விடாமல்.